வைத்தியர் ஜேம்ஸ் பாரி

உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று கூறாக்கினர் நம் இலக்கண நூலார். ஒருவரைப் பற்றிப் பேசப் புகுவோமாயின் அவன் என்றோ அவள் என்றோ கூறல் வேண்டும். வினைமுற்றும் பாலுணர்த்தி நிற்றலின், அவ்விரண்டனுள் ஒன்றைத் துணியாமல் ஒரு வாக்கியமேனும் முடித்தல் அரிது. ஆயினும் மரியாதை கருதி ஒருவரைப் பலர்பாலாற் கூறும் வழக்கொன்று நம்மிடை உண்டு. அவர் என்னும் அச்சொல் ஆடவர்க்கும் பொருந்தும், பெண்டிர்க்கும் பொருந்தும். ஈண்டு யான் எழுதப் புகும் சரிதத்திற்கு இவ்வழக்குப் பேருதவியாயிற்று. ஆங்கிலத்தில் இவர் வரலாற்றை எழுதினோர் முதற் பக்கத்திலேயே இடர்ப்பட்டு, ஒரு சாரார் ஆண்பாற் சொல்லையும் மற்றொரு சாரார் பெண்பாற் சொல்லையும் மேற்கொண்டு, தம்முள் இன்றளவும் வாதிட்டு வருகின்றனர். நமக்கு அவ்விடர் இல்லை.

அயர்லாந்தின் தென்பகுதியில் கார்க் என்பது ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே ஜெரமையா பல்க்லி என்பார் சரக்குகளை நிறுக்கும் நிறைசாலையில் உத்தியோகம் பார்த்து வந்தார். அவர் மனைவியார் மேரி ஆன். இவர்க்கு 1789-ம் ஆண்டையொட்டி ஒரு பெண்மகவு பிறந்தது. மார்கரெட் ஆன் என்று பெயரிட்டனர். மூத்தவன் ஜான் என்னும் ஆண்பிள்ளை. குடும்பத்தார் ரோமன் கத்தோலிக்கர். அக்காலத்து அந்நாட்டில் கத்தோலிக்கர் மீதிருந்த காழ்ப்பு காரணமாகத் தந்தையார் உத்தியோகத்தை இழந்தார். பின்னர்க் கடன்பட்டுச் சிறையும் புகுந்தார். இருந்த பொருளோ, மகனைச் சட்டத்தொழில் பயிற்றுவதிலும் அவனுக்கு மணஞ்செய்து வைப்பதிலும் செலவாகிவிட்டது. மகனுக்கென்று வைத்த பொருளால் மகளும் தாயும் வறியராயினர். இவ்வாறு நிகழ்ந்த வீடுகள் நம் நாட்டிலும் எத்துணையோ உள. அயர்லாந்து தூரத்து நாடென்று நாம் வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

அச் சிறுமியார் தம் தமையனுக்கு எழுதிய கடிதமொன்று எஞ்சியிருக்கின்றது. தாம் பெண்ணாகப் பிறவாதிருந்தால் போர்வீரனாகியிருக்கக் கூடும் என்னும் கருத்து அதில் வெளியிடப்பட்டிருக்கின்றது. தமையனைக் கடிந்துகொள்ளும் போக்கில் எழுதிய சொல் அது. எனினும் பின்னர் நிகழ்ந்தவற்றை அறிந்தார் அதனை எளிதிற் கடந்து செல்லார்.

மேரி ஆன் அம்மையாரின் உடன்பிறந்தார் ஒருவர் லண்டன் மாநகரில் இருந்தார். ஜேம்ஸ் பாரி என்னும் பெயரிய ஓவியர் அவர். அரச கலைக்கழகத்தில் ஓவியப் பேராசிரியராய் இருந்து, பின் சகஆசிரியரோடு பிணங்கி அப்பதவியினின்று நீக்கப்பட்டவர். உறவினர் துயர் அவர் நெஞ்சை உருக்கவில்லை. 1806-ம் ஆண்டில் அவர் இறந்த பின்னரே அவர் விட்டுச் சென்ற பொருளில் ஒரு பகுதி தாய்க்கும் மகளுக்கும் கிடைத்தது. அப்பொருளினும் அரியதொன்று அவர்க்கு வாய்த்தது: ஓவியரின் நண்பர் குழாம். வெனிசுவேலா நாட்டை ஸ்பானியர் ஆட்சியினின்று மீட்க முயன்றுகொண்டிருந்த ஜெனரல் பிரான்சிஸ்கோ தெ மிராந்தா ஒருவர். ஸ்காட்லாந்துப் பிரபுவாகிய பக்கன் மற்றொருவர். வைத்தியர் எட்வர்டு பிரையர் இன்னொருவர். பக்கன் பிரபு பெண்கல்வியில் நம்பிக்கை வைத்தவர். மிராந்தாவின் இல்லத்தில் பெரியதொரு நூல்நிலையம் இருந்தது. மார்கரெட் அங்கே சென்று படித்தார். படிக்கக் கண்டோர் அவர் கூர்மதியை வியந்தனர்.

ஆனால் அம்மதியைக் கொண்டு அவர் செய்யக் கூடியது யாது? அக்காலத்து வறிய குடும்பத்துப் பெண்ணுக்கு இருந்த வழிகள் மிகச் சில. பிறர் வீட்டுக் குழந்தைகட்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியையாகலாம், தையல் தொழில் செய்யலாம், மணந்துகொள்ளலாம். பிரிட்டனில் எந்தச் சர்வகலாசாலையும் பெண்டிர்க்கு வாயில் திறக்கவில்லை. வைத்தியத் தொழிலோ முற்றும் ஆடவர் கையில் இருந்தது. மருத்துவச்சியரிடமிருந்த பிரசவ வைத்தியத்தையும் ஆண் வைத்தியர் மெல்ல மெல்லக் கைக்கொண்டுவந்த காலம் அது. ஆகவே நண்பர் சிலர் கூடி ஓர் ஏற்பாடு செய்தனர். மார்கரெட் ஆணுடை தரித்து, மாமனின் பெயரையே தம் பெயராகப் பூண்டு, எடின்பரோ நகரத்துச் சர்வகலாசாலையில் வைத்தியம் பயில்வது. தேறியபின் மிராந்தா விடுதலை செய்யவிருக்கும் வெனிசுவேலாவிற்குச் சென்று, அங்கே மறைப்பின்றிப் பெண்ணாகவே வைத்தியம் செய்வது. இதுவே அவர்தம் எண்ணமாய் இருந்திருக்க வேண்டுமென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். சில ஆண்டுகட்கு மட்டுமே அணிய வேண்டியதென்று நினைத்த உடை அது.

1809-ம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் தாயும் மகளும் லண்டனில் கப்பலேறினர். எடின்பரோவின் துறைமுகமாகிய லீத்தில் இறங்கியவர்களோ ஒரு முதிய மாதும் அவர்தம் சகோதரி மகனாகிய ஓர் இளைஞரும் ஆவர். அன்று தொட்டு ஐம்பத்தாறு ஆண்டுகள், இறக்குமளவும், ஜேம்ஸ் பாரி என்பதே அவர் பெயர்.

எடின்பரோவில் இளைஞர் பாரி உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், தாவர நூல் முதலியவற்றைக் கற்றார். மீசையரும்பாத முகமும் மெல்லிய குரலும் சிறிய உருவமும் கண்டு உடன்பயில்வோர் ஐயுற்றனர். ஆனால் ஐயுற்றது பாலைப் பற்றியன்று, வயதைப் பற்றியே. பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன் எவ்வாறோ உள்ளே புகுந்துவிட்டான் என்று எண்ணினர். 1812-ம் ஆண்டில் பட்டத் தேர்வுக்குரிய காலம் வந்தபொழுது சர்வகலாசாலையாரும் அவ்வாறே கருதி, இத்துணை இளையவர்க்குப் பட்டம் அளிப்பதெங்ஙனம் என்று தடை கூறினர். பக்கன் பிரபு தலையிட்டு, விதிகளில் வயதெல்லை ஒன்றும் குறிக்கப்படவில்லையே என்று வாதாடித் தடையை நீக்கினார். விதிகளில் பெண்கூடாதென்றும் எழுதியிராதிருக்கலாம். எழுத வேண்டிய தேவையே எவர்க்கும் தோன்றாத அளவு அத்தடை வலியுடையதாய் இருந்தது.

பாரி எழுதிய ஆராய்ச்சியுரை, அக்கால வழக்கப்படி இலத்தீன் மொழியில், தொடைப்பகுதிக் குடலிறக்கத்தைப் பற்றியது. மிராந்தாவுக்கும் பக்கன் பிரபுவுக்கும் அதனை உரிமையாக்கினார். பேசுவோனின் இளமையை நோக்காது அறிவை நோக்க வேண்டும் என்னும் கருத்துடைய பழங்கிரேக்க நாடகப் புலவர் மெனாந்தரின் வாக்கொன்றையும் அதன் முகப்பிற் பொறித்தார். தேர்வாளர் அதனை ஒரு சிறுவனின் துடுக்கெனக் கொண்டிருப்பர்.

அவ்வாண்டே வெனிசுவேலாவில் மிராந்தா பகைவர் கைப்பட்டார். 1816-ம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்துச் சிறையில் அவர் உயிர் நீங்கிற்று. பாரி சென்றடையக் கருதிய கரை இவ்வாறு மறைந்துபோயிற்று. இனிச் செய்வது யாது? பட்டத்தை மறைத்துப் பழைய மார்கரெட்டாய் மீள்வது. அன்றேல் பூண்ட வேடத்தை வாணாள் முழுதும் தாங்குவது. இரண்டாவதை அவர் தேர்ந்தார். தேர்ந்தது மட்டுமன்று, ஆடவர் உலகில் மிக ஆண்மை வாய்ந்ததெனக் கருதப்பட்ட துறையையே நாடிச் சென்றார். லண்டனில் ஆஸ்பத்திரிப் பயிற்சி பெற்று, 1813-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் இரண வைத்தியர் கழகத்தின் தேர்விலும் தேறி, சில நாட்களுக்குள்ளாகவே பிரிட்டிஷ் சேனையில் ஆஸ்பத்திரி உதவி வைத்தியராய் அமர்ந்தார்.

1816-ல் அவரை நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினர். கேப் டவுன் நகரத்துக் கவர்னர் சார்லஸ் ஸாமர்ஸெட் பிரபு. கவர்னரின் குடும்பத்தாரையும், பின் கடும்பிணியுற்ற கவர்னரையும் பாரி பிழைப்பித்தார். அதனால் அக்குடும்பத்தின் நெருங்கிய நண்பரானார். அந்நட்பின் பயனாக 1822-ல் குடியேற்ற நாடு முழுமைக்கும் வைத்திய மேற்பார்வையாளர் பதவி அவர்க்குக் கிடைத்தது. சலுகையாற் கிடைத்த பதவியை அவர் ஆண்ட வகையோ, சலுகை செய்தவரையே சங்கடப்படுத்துவதாயிற்று.

அவர் செய்தவற்றுட் சிலவற்றையேனும் கூறுதல் வேண்டும். பயிற்சியும் உரிமைச் சீட்டும் இல்லாதார் மருந்து விற்றலைத் தடுக்க முற்பட்டார். பணம் படைத்த மருந்து வணிகர் பலரைப் பகைத்துக்கொண்டார். நகரத்துக் குடிநீரின் தூய்மையைப் பற்றிக் கவலை கொண்டார். சிறைக்கூடத்தைப் பார்வையிட்டு, கைதிகள் கிடந்த அழுக்கையும் கவனிப்பின்மையையும் மேலிடத்திற்கு எழுதினார். குஷ்டரோகிகள் வைக்கப்பட்டிருந்த இடத்திற்கு விதிகள் எழுதிக் கொடுத்தார்: அவர்களைக் குற்றவாளிகளைப் போல் நடத்தலாகாது, நோயாளராகவே நடத்த வேண்டும், நாடோறும் நீராட்ட வேண்டும், நல்லுணவும் பாலும் தர வேண்டும் என்பன அவை. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு உலகில் தோன்றுவதற்குப் பல்லாண்டுகட்கு முன்னர் எழுதியவை என்பதை விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர் உளங்கொள்க.

சிறையிலிருந்த மாலுமி ஒருவனைப் பித்தன் என்று முடிவு செய்து அடைத்துவைக்க அதிகாரிகள் விரும்பினர். பாரி சென்று பார்த்து, அவன் பித்தனல்லன் என்று எழுதிவிட்டார். அதனால் மூண்ட பூசலில் 1825-ல் மேற்பார்வையாளர் பதவியே நீக்கப்பட்டு, அதனிடத்தில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஒருவரைப் பணியினின்று விலக்குவதற்காகப் பணியையே ஒழித்துவிடும் உபாயம் பழையது போலும்.

இதற்கு ஓராண்டு முன் நிகழ்ந்ததொன்றை வெளிப்படக் கூறல் நாகரிகமன்றென்று சிலர் கருதலாம். ஆயின் அதனை விட்டால் இச்சரிதத்தின் சிக்கல் விளங்காது. 1824-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாட்காலை கேப் டவுன் நகரத்துப் பாலமொன்றின் அருகே ஒரு சுவரொட்டி காணப்பட்டது. கவர்னருக்கும் வைத்தியர் பாரிக்கும் இடையே ஆணோடு ஆண் கூடும் ஒழுக்கம் உண்டென்று அது பழிதூற்றிற்று. அக்காலத்து ஆங்கிலச் சட்டம் அக்குற்றத்திற்கு மரண தண்டனை விதித்திருந்தது. விசாரணை நடந்தது, எழுதினவரைக் காட்டிக் கொடுப்பார்க்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது, எவரும் அகப்படவில்லை. பாரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அப்பழி பொய்யென்று நொடிப்பொழுதில் மெய்ப்பிக்கவல்ல சான்று அவர் உடம்பாகவே இருந்தது. அச்சான்றை எடுத்துக்காட்டின் பழி நீங்கும். தொழிலும் பட்டமும் பதவியும் உடன் நீங்கும். அவர் வாய் திறக்கவில்லை. கவர்னர் அவ்வுண்மையை அறிந்திருந்தாரா என்பதைப் பற்றி ஆசிரியர்கள் பலவாறு எழுதியுள்ளனர்.

1826-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் புகழை நிலைநாட்டிய செயல் நிகழ்ந்தது. மன்னிக் என்னும் குடும்பத்து அம்மையார் ஒருவர் பிரசவ வேதனையுற்றுப் பிள்ளை பிறவாது உயிர்போகும் நிலையில் இருந்தார். பாரி வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார். மயக்க மருந்து வழக்கத்திற்கு வந்தது அதற்கு இருபது ஆண்டு கழித்தே. புண்ணிற் கிருமி நாசினி இடும் முறையை லிஸ்டர் வெளியிட்டது நாற்பது ஆண்டு கழித்தே. அக்காலத்தில் அச்சிகிச்சை செய்வதென்றால் தாயைக் கைவிட்டுச் சேயைக் காக்க முயல்வதென்றே பெரும்பாலும் பொருள். இங்கே தாயும் பிழைத்தார், சேயும் பிழைத்தது. ஆப்பிரிக்காவில் ஐரோப்பிய வைத்தியர் செய்த இச்சிகிச்சைகளுள் இருவரும் பிழைத்த முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று இது. பாரி கூலி பெற மறுத்தார் என்பர். பெற்றோர் குழந்தைக்கு ஜேம்ஸ் பாரி மன்னிக் என்று பெயரிட்டனர். அக்குழந்தை வளர்ந்து ஞானத்தந்தையாய் நின்ற ஒரு பிள்ளைக்கும் அப்பெயர் சென்றது. அப்பிள்ளைதான் 1924 முதல் 1939 வரை தென்னாப்பிரிக்காவின் பிரதம மந்திரியாய் இருந்த ஜேம்ஸ் பாரி மன்னிக் ஹெர்ட்ஸாக். தமக்கெனப் பிறவாத பெயரொன்றை இரவல் வாங்கியவர், அதனை இவ்வாறு ஒரு நாட்டின் தலைவர்க்கு வழங்கிச் சென்றார்.

அவர் தோற்றமும் நடையும் எத்தகையன என்று மாணவர் கேட்பர். ஐந்தடியளவே உயரம், செம்மை கலந்த தலைமயிர், சிறிய கைகள், கீச்சென்ற குரல். இக்குறைகளை நிரப்பக் குதி உயர்ந்த பாதரட்சையும் தோளிற் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையும் அணிந்தார் என்பர். இடையில் நீண்டதொரு வாள் தொங்கும். புலாலும் மதுவும் உட்கொள்ளார். கறுப்பு இனத்துப் பணியாளர் ஒருவரும் ஸைக்கீ என்னும் பெயருடைய சிறு நாயொன்றும் செல்லுமிடமெல்லாம் உடன் செல்வர். முன்கோபமோ அளவிறந்தது. குரலைப் பற்றியோ உருவைப் பற்றியோ எவரேனும் நகையாடினால் வாளின்மீது கை செல்லும். கேப் டவுனில் கவர்னரின் மெய்க்காவல் அதிகாரியாகிய ஜோஸையாஸ் க்ளூட்டி என்பாரோடு கைத்துப்பாக்கி கொண்டு இருவர் போர் புரிந்தார். இருவரும் உயிர் தப்பிப் பின் நண்பராயினர்.

ஆண்மை என்னுஞ் சொல்லுக்கு வீரம் என்றும் ஆளுந்தன்மை என்றும் பொருள் கூறுவர். அச்சமும் நாணமும் பெண்ணுக்கு அணியென்பர். இவை பிறப்பொடு வருவன என்றே நாட்டார் பலரும் நம்பினர். ஆங்கிலேயரும் அவ்வாறே நம்பினர். பாரியோ இருபது வயதுவரை பெண்ணாக வளர்ந்து, அதன்பின் ஆடவரின் நடை, இருக்கை, சினம், ஆணையிடும் தொனி ஆகியவற்றை ஒரு பாஷையைக் கற்பதுபோலக் கற்றுக்கொண்டவர். பிற்பட்டுக் கற்ற பாஷையை இலக்கணம் பிழையாமற் பேசுவார் அளவுக்கு மிஞ்சி இலக்கணம் பேசுவதுண்டு. பாரியின் சினத்தில் அத்தகைய மிகை ஒன்று காணப்படுகின்றது. ஆயினும் அதனை வெறும் வேடமென்று தள்ளுதல் முறையன்று என்பது என் கருத்து. அவர் சினந்த இடங்களைத் தொகுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் அழுக்குப் படுக்கை, கெட்ட உணவு, கைவிடப்பட்ட நோயாளி, இவற்றின் பொருட்டே சினந்திருக்கின்றார். அதே சொற்களை அதே தொனியில் ஒரு பெண் கூறியிருந்தால் அடங்காப்பிடாரி என்று வெளியேற்றியிருப்பர். ஆண் கூறியதால் கண்டித்தனர், இடம் மாற்றினர், ஓரோவழிக் காவலிலும் வைத்தனர். ஆயின் அவர் எழுதிய அறிக்கையைப் படித்தனர்.

1828-ல் மொரீஷியஸ் தீவிற்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு ஸாமர்ஸெட் பிரபு இங்கிலாந்தில் நோயுற்றதறிந்து, உத்தரவு பெறாமலே கப்பலேறிச் சென்று, 1831-ல் அவர் இறக்குமளவும் உடனிருந்து பணிவிடை செய்தார். பின்னர் ஜமெய்க்கா, 1836-ல் ஸெயின்ட் ஹெலினா. அங்கே மேலதிகாரிகளோடு பூசல் விளைந்து, 1838-ல் காவலில் இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டார். பதவியும் ஒருபடி தாழ்ந்தது. ஆயினும் அவர் தளர்ந்தாரல்லர். மேற்கிந்தியத் தீவுகளிற் பணியாற்றி, 1845-ல் மஞ்சட்காய்ச்சலால் இறக்குந் தறுவாய்க்குச் சென்று மீண்டார். மால்ட்டாவில் வாந்திபேதியோடு போராடினார். 1851-ல் கார்பூ தீவிற்கு ஆஸ்பத்திரிகளின் உதவித் தலைமை அதிகாரியாய்ச் சென்றார்.

கிரிமியப் போர் மூண்டபோது போர்க்களம் செல்ல விண்ணப்பித்தார்; இடமில்லையென்று மறுத்தனர். அதனால் காயமுற்ற வீரரைக் கார்பூவிற்கு அனுப்புமாறு கேட்டுப் பெற்று அவர்களைப் பேணினார். அவரிடம் வந்தவர்களுட் பிழைத்தவரின் தொகை மற்ற ஆஸ்பத்திரிகளை நோக்க மிகுதியாயிருந்தது. அதனோடும் அமையாது, 1855-ல் விடுமுறை எடுத்துக்கொண்டு தாமே கிரிமியாவிற்குச் சென்றார். அப்பயணத்தில் ஒரு சந்திப்பு நிகழ்ந்தது.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் இலர். அவ்வம்மையார் ஒருநாள் கடும் வெயிலில் தலையில் மெல்லிய குல்லாவொன்று மட்டும் அணிந்து ஆஸ்பத்திரி முற்றத்தைக் கடந்து சென்றனர். குதிரைமேல் வந்த பாரி அவரை நிறுத்தி, போர்வீரரும் ஏவலாளரும் கூடியிருந்து பார்க்க, குதிரையினின்று இறங்காமலே நெடுநேரம் கடிந்து பேசினார். வாழ்நாளில் தமக்கு அத்தகைய கண்டனம் வேறெவரிடமும் நேர்ந்ததில்லை என்றும், சுற்றி நின்ற எளிய மாந்தரனைவரும் கண்ணியமாய் நடந்துகொள்ள அவ்வைத்தியர் ஒருவரே கொடியராய் இருந்தார் என்றும் நைட்டிங்கேல் அம்மையார் பிற்காலத்தில் எழுதி வைத்தனர். அவ்வாறு எழுதியது அவர் பெண்ணென்று கேள்விப்பட்ட பின்னர்.

என்ன விந்தையான காட்சி! இருவரும் தூய்மையும் காற்றோட்டமும் நல்லுணவுமே நோய்க்கு முதல் மருந்தென்று நம்பியவர். சேனை ஆஸ்பத்திரிகளைத் திருத்துவதிலேயே வாணாளைப் போக்கியவர். ஒருவர், பெண்ணுக்கு உலகம் விட்டுக்கொடுத்த நோயாளியைப் பேணும் தொழிலை எடுத்துக்கொண்டு, அதனையே பெரியதோர் அதிகாரமாக்கினார். உலகம் அவரை விளக்கேந்திய தாயெனப் போற்றிற்று. மற்றவர் உலகம் விட்டுக்கொடாத இடத்திற்கு உடைமாற்றிப் புகுந்தார். அவர்க்குத் தாயென்ற போற்றுதல் இல்லை; தேவையுமில்லை. நைட்டிங்கேல் அம்மையார்க்கு எளிதில் வாய்த்த மென்மையான புகழ், பாரிக்கு ஒருநாள் வாய்த்திருந்தாலும் அதுவே அவர்க்குக் கேடாய் முடிந்திருக்கும். குதிரைமேல் இருந்தவர் இறங்காமற் பேசியதற்குப் பதவிச் செருக்கு ஒன்றே காரணமென்று யான் நினையேன்.

1857-ல் அவரைக் கனடா தேசத்திற்கு அனுப்பினர். வெயில் நாடுகளில் நாற்பதாண்டு கழித்தவர்க்கு அப்பனி நாடு பொருந்தவில்லை. எனினும் அங்கேயே சேனை ஆஸ்பத்திரிகளின் தலைமை அதிகாரி என்னும் உயர்ந்த பதவியை அடைந்தார். பட்டாளத்தார் உறங்கிய வைக்கோற் படுக்கைகளை மாற்றுவித்தார். நாடோறும் அவித்த இறைச்சியையே உண்டு சலித்த வீரர்க்கு வேறு வகையாகச் சமைக்க அடுப்புகள் அமைப்பித்தார். ஒரே கூடத்தில் பிற வீரர் நடுவே வாழ்ந்துவந்த மணமான வீரரின் குடும்பங்கட்குத் தனியிடம் வேண்டுமென்று வற்புறுத்தினார். இக்கடைசிச் சீர்திருத்தத்தை மேற்கொண்ட நெஞ்சத்தில் பெண்டிர் படும் இன்னல் பற்றிய நினைவு இருந்திருக்கலாம். நேர்மையான ஆண் வைத்தியர் ஒருவரும் அதனைச் செய்திருக்கலாம்.

1859-ல் நோய் காரணமாக ஊர் திரும்பிய அவரை வைத்தியக் குழுவினர் பணிக்குத் தகுதியற்றவரெனத் தீர்மானித்து ஓய்வு கொடுத்தனர். நாற்பத்தாறு ஆண்டுச் சேவை. ஆறாண்டு கழித்து, 1865-ம் ஆண்டு ஜூலை 25-ம் நாள், சீதபேதியால் லண்டனில் ஒரு வாடகை வீட்டில் உயிர் நீத்தார். அவ்வீடு இருந்த தெருவின் பெயர் மார்கரெட் தெரு.

தாம் இறந்தால் உடலைக் கழுவாது உடுத்த உடையோடே அடக்கம் செய்ய வேண்டுமென்று அவர் கூறியிருந்தார் என்பர். அச்சொல் நிறைவேறவில்லை. உடலைக் கழுவிய ஸோபியா பிஷப் என்னும் பணிப்பெண், அடக்கமெல்லாம் முடிந்தபின், இறந்தவர் முழுவதும் பெண்ணே என்றும் பிள்ளைப்பேறு கண்ட அடையாளமும் உண்டென்றும் கூறிக்கொண்டு வைத்தியர் மக்கின்னனிடம் பணம் பெற வந்தாள். மக்கின்னனே மரண அத்தாட்சிப் பத்திரத்தில் ஆண் என்று எழுதிக் கையொப்பமிட்டவர். பல்லாண்டு பழகியவராதலின் உடலைச் சோதியாமலே எழுதியிருந்தார். செய்தி ஆகஸ்டு மாதத்தில் பத்திரிகைகளில் வெளிவந்தது. பதிவுத்துறைத் தலைவர் விளக்கங் கேட்டபோது, இறந்தவர் ஆணா பெண்ணா என்பது தம் கடமையைச் சேர்ந்ததன்று, இன்னாரென்று அடையாளங் காட்டுவதே தம் கடமை என்னும் கருத்துப்பட மக்கின்னன் மறுமொழி எழுதினார். அவ்விடையைப் பொறுப்பற்றதென்று பழித்தோர் பலர். எனக்கோ அவ்விவகாரத்தில் வந்த சொற்கள் எல்லாவற்றினும் அதுவே கண்ணியமுடையதாய்த் தோன்றுகின்றது.

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் எலிஸபெத் காரட் என்னும் மாது லண்டன் மருந்தாளர் கழகத்தின் தேர்விற்றேறி வைத்தியம் செய்ய உரிமை பெற்றார். உடனே அக்கழகத்தார் விதியை மாற்றி வேறு பெண்டிர் வாராதவாறு கதவை அடைத்தனர். பாரி பயின்ற எடின்பரோவில் 1869-ல் பெண்கள் எழுவர் வைத்தியம் பயிலச் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு அவர்கள் தேர்வெழுதச் சென்ற மண்டபத்து வாயிலில் ஆண் மாணாக்கர் கூட்டமாய் நின்று சேற்றை வாரி எறிந்தனர். அவ்வெழுவர்க்கும் சர்வகலாசாலை பட்டம் அளிக்க மறுத்துவிட்டது. 1894-ல்தான் அங்கே பெண்டிர்க்கு வைத்தியப் பட்டம் வழங்கத் தலைப்பட்டனர். எண்பத்திரண்டு ஆண்டுகட்கு முன்னரே ஒருவர்க்கு வழங்கியிருந்ததை எவரும் எடுத்துரைத்திலர்.

பாரியின் பிறப்பைப் பற்றிய உண்மை நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. இஸபெல் ரே என்னும் அம்மையார் சேனைக் காகிதங்களை ஆராய்ந்து 1958-ல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர்த் தென்னாப்பிரிக்க வைத்தியர் தூ ப்ரே என்பார் பழங்கடிதங்களைத் தேடிப் படித்து 2008-ல் தம் முடிவை வெளியிட்டார். மார்கரெட் பல்க்லி எழுதியனவும் ஜேம்ஸ் பாரி எழுதியனவும் ஒரே கையெழுத்து என்று காட்டினார். அவற்றுள் ஒன்று, எடின்பரோ சேர்ந்த இரண்டாம் வாரத்தில், 1809 டிசம்பர் 14-ம் நாள், குடும்ப வழக்கறிஞராகிய டானியல் ரியர்டனுக்குப் பாரி எழுதியது. கையொப்பம் ஜேம்ஸ் பாரி என்றே உள்ளது. கடிதங்களை ஒழுங்காக அடுக்கிவைக்கும் வழக்கமுடைய அவ்வழக்கறிஞர், அதன் புறத்தே செல்வி பல்க்லி என்று குறித்து வைத்திருந்தார்.

இக்காலத்தார் சிலர், பாரி தொழிலின்பொருட்டு வேடம் பூண்ட பெண் என்பர். வேறு சிலர், அவர் உள்ளத்தாலும் ஆணாகவே வாழ விரும்பினார், ஓய்வு பெற்ற பின்னும் பெண்ணுடைக்கு மீளாமையே அதற்குச் சான்று என்பர். ஓய்வூதியம் பறிபோகுமென்னும் அச்சமே காரணமென்று முன்னவர் விடை கூறுவர். அவர்தாம் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. லண்டன் கென்ஸல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கமான இடத்து நட்ட கல்லில், வைத்தியர் ஜேம்ஸ் பாரி, சேனை ஆஸ்பத்திரிகளின் தலைமை அதிகாரி, வயது எழுபது என்று பொறித்திருக்கின்றனர். மெய்யான வயது எழுபத்தாறளவில் இருக்கும்.